கிணற்றைக் காக்கும் மழைநீர்

ஒரு ஏக்கரில் ஓர் அங்குல மழை பெய்தால் கிடைக்கும் நீர் சுமார் 1 லட்சம் லிட்டர். அமிர்தியை ஒட்டிய ஜவ்வாது மலைச் சரிவில் பெய்யும் மழை, நாகநதியில் விரைந்தோடி வீணாகிறது. பாறைப்பாங்கான இப்பகுதியில் ஆழத்தில் நீர் தங்குவது பாறை வெடிப்புகளில்தான். ஆகவே, ஓடும் நீரின் வேகத்தைக் குறைத்து நிலத்தினுள் இறக்க வேண்டும்.

வறண்ட நாகநதியை மீட்கும் பணியில், செயற்கைக்கோள் படங்களின் துணையுடன் ஏற்ற இடங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஓடைகளில் கல் தடுப்புகளும், நீர் செறிவூட்டும் உறைகிணறுகளும் அமைக்கப்பட்டன. ஊரக வேலைத் திட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் இதற்கு உழைத்தனர். 2021 செப்டம்பரில் பிரதமர் தமது வானொலி உரையில் இதனைக் குறிப்பிட்டார்.

விவசாயிகள் தம் நிலத்திலும் இதைச் செய்யலாம். நீர் வடிந்து வரும் பக்கத்தில், கிணற்றருகே இரு குழிகள் வெட்டவேண்டும். முதல் குழியில் வண்டல் படியும். இரண்டாவதில் அடியில் பெருங்கல், நடுவில் ஜல்லி, மேலே மணல் இட்டு, வடிந்த நீரை அடிக்குழாய் வழியே கிணற்றில் விடவேண்டும். கைபேசியில் ‘மேகதூத்’ செயலி மழை வருமென்று அறிவித்தால், முன்னதாகவே வண்டலை அள்ளிவிடவேண்டும்.

தோல் பதனிடும் கழிவு, சாக்கடை, மருந்து தெளித்த வயல்நீர் ஆகியவற்றைக் கிணற்றில் விடக்கூடாது. பாலாற்றுப் பகுதியில் தோல் கழிவால் நீர் கெட்டது குறித்து 1996-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளிக்க நேர்ந்தது. கெட்ட கிணற்றை மீட்பது எளிதல்ல.

மாதம் ஒருமுறை நீர்மட்டத்தை அளந்து குறித்து வைத்தால், இருக்கும் நீருக்கேற்ற பயிரைத் தேர்ந்தெடுக்கலாம்.