அப்புத்தளைக்கு முதல் பயணம்: ஒரு முழுமையான வழிகாட்டி

கொழும்பிலிருந்து பதுளை போகும் ரயிலில் பாதிக் கூட்டம் எல்ல நகருக்குப் போகிற கூட்டம். அவர்கள் இறங்குவதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பே, அப்புத்தளையில் நாம் இறங்கிவிடப் போகிறோம். இரண்டு இரவு தங்குவதாக வைத்துக்கொள்வோம். ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

என்ன ஊர் இது?

பதுளை மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேலே, மலைத்தொடரின் ஒரு கணவாயில் உட்கார்ந்திருக்கும் சின்ன ஊர். வடக்கே ஊவா மாகாணத்தின் மேட்டுநிலம். தெற்கே மலை சரேலென்று இறங்கிச் சமவெளியில் முடிகிறது. வானம் தெளிந்திருந்தால் தென்கடலோரம் வரை தெரியும்.

ஆனால் அது காலையில் மட்டும்தான். வெயில் ஏற ஏற, கீழே சூடான ஈரக்காற்று சரிவைப் பிடித்து மேலே வந்து, கணவாய் வழியாக ஊருக்குள் நுழைகிறது. பிற்பகலில் கடைத்தெருவில் எதிர்ச்சாரிப் பெயர்ப்பலகையைப் படிக்க முடியாது. பஸ்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து வரும். ஆகவே நம் திட்டம் முழுவதற்கும் ஒரே விதி: உயரமான இடங்கள் விடியலில், மற்றவை பிறகு.

எப்போது போகலாம்?

ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். ஜூன், ஜூலையில் காற்று ஆளைத் தள்ளும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் மண்சரிவு அபாயமும் உண்டு; அதைத் தவிர்ப்போம். எந்த மாதமானாலும் இரவில் ஸ்வெட்டர் வேண்டும்.

எப்படிப் போவது?

கொழும்பு கோட்டையிலிருந்து ரயிலில் ஒன்பது மணி நேரத்தை ஒட்டி ஆகும். நேரம் குறைவென்றால் கண்டியிலோ நானுஓயாவிலோ ஏறிக்கொள்ளலாம். முன்பதிவு திறந்த வேகத்தில் இருக்கைகள் தீர்ந்துவிடும். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே பார்த்துவிடுங்கள். கிடைக்கவில்லையா, அன்றைக்கே மூன்றாம் வகுப்புச் சீட்டு வாங்கலாம். நிற்க வேண்டிவரும், அவ்வளவுதான். மழைக்காலத்தில் பாதை அடைபடுவது உண்டு. ரயில் ஓடுகிறதா என்று கேட்டுவிட்டுப் புறப்படுவோம்.

வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். 1,892 மீட்டர் உயரத்திலுள்ள பட்டிப்பொல நிலையம் தாண்டிச் சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வந்தால் ஊவா. அதன்பிறகு தெற்குச் சரிவு வலப்புறமாகத்தான் விரியும்.

பஸ் என்றால் இரத்தினபுரி, பெரகலை வழியாக வரலாம். ரயிலைவிடச் சீக்கிரம், வளைவுகள் அதிகம். வயிறு பொறுக்காதவர்கள் முன்னிருக்கை பார்த்து உட்காரவும்.

முதல் விடியல்: லிப்டன் சீட்

தோமஸ் லிப்டன் தம் தேயிலைத் தோட்டங்களைப் பார்வையிட உட்கார்ந்ததாகச் சொல்லப்படும் முனை இது. உயரம் கிட்டத்தட்ட 1,970 மீட்டர். முதல் நாள் மாலையே ஓர் ஆட்டோவைப் பேசிவைத்து, மறுநாள் ஐந்து மணி வாக்கில் புறப்படுவோம். மேலே ஒரு சிறு நுழைவுக் கட்டணம் இருக்கும்.

ஏறுவதற்கு ஆட்டோ, இறங்குவதற்குக் கால். இதுதான் என் சிபாரிசு. 1890இல் லிப்டன் கட்டிய தம்பேதென்ன தொழிற்சாலை வரை ஏழு கிலோமீட்டர், முழுக்கத் தேயிலைக்குள். எட்டு மணிக்கெல்லாம் மலையில் கொழுந்து பறிப்பு நடக்கும். இரண்டு இலையும் ஒரு அரும்பும் விரல்களுக்கிடையே ஒடிந்து, கை நிறைந்ததும் தலைக்கு மேலாகப் பின்னே சாக்குக்குள் விழும். பறிப்பவர் திரும்பிப் பார்ப்பதே இல்லை. நின்று தமிழில் பேசலாம், அக்கா என்றாலே போதும். படம் எடுப்பதென்றால் கேட்டுவிட்டு எடுங்கள். அவர்களுக்கு அது வேலை நேரம், கூலி கொழுந்தின் நிறையோடு சேர்ந்தது.

தொழிற்சாலையிலிருந்து ஊருக்குத் தோட்ட பஸ் கிடைக்கும். லயங்கள் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளில் இருந்து பள்ளிக்குப் போகும் பிள்ளைகளோடு நெருக்கியடித்து வருவது தனி அனுபவம்.

பிற்பகல்: அடிஷாம் பங்களா

ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர் மேற்கே. சர் தோமஸ் வில்லியர்ஸ் 1930களின் தொடக்கத்தில் கட்டிய கருங்கல் மாளிகை; இப்போது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். வார இறுதி, போயா (பௌர்ணமி), விடுமுறை நாட்களில்தான் பொதுவாகத் திறப்பார்கள். பனிமூட்டத்திலும் பார்க்கக்கூடிய இடம் என்பதால் பிற்பகலுக்குப் பொருத்தம். துறவிகள் செய்யும் ஜாம் வாங்கிக்கொள்ளலாம்.

மறுநாள்: அருவி

பெரகலைக்கு இறங்கி, வெல்லவாய பஸ் பிடித்து, கொஸ்லந்தை தாண்டினால் தியலுமை: 220 மீட்டர், இலங்கையின் இரண்டாவது உயரமான அருவி. சாலையிலிருந்தே முழுசாகத் தெரியும். உச்சியில் இயற்கைக் குளங்கள் உண்டு. உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் ஏற வேண்டாம். முதலாவது உயரமான பம்பரகந்தை, 263 மீட்டர், பெரகலையிலிருந்து எதிர்த்திசையில், களுபஹன அருகே. இரண்டையும் ஒரே நாளில் பார்க்க ஆசைப்பட்டால் பொழுது பஸ்ஸிலேயே போய்விடும். ஒன்றைத் தேர்ந்தெடுப்போம்.

எவ்வளவு ஆகும்?

பஸ், மூன்றாம் வகுப்பு ரயில், கடைச் சாப்பாடு எல்லாம் நூறுகளில் முடியும். ஆயிரங்களைத் தின்பது ஆட்டோவும் அறையும். ஆட்டோவில் ஏறுமுன்பே, போகவா, போய்வரவா, காத்திருப்புக்கும் சேர்த்தா என்று மூன்றையும் கேட்டு முடிவுசெய்யுங்கள். அறைக்கு, தெற்குப் பார்த்த ஜன்னலா என்பதும் சுடுநீர் வருமா என்பதும் கேட்க வேண்டியவை. ஹோர்டன் சமவெளித் தேசியப் பூங்காவையும் சேர்க்க நினைப்பவர்கள் கவனிக்க: வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு அங்கே கட்டணம் பல மடங்கு.

எச்சரிக்கை

தண்டவாளத்தில் நடப்பதை இங்கே ஒரு சுற்றுலாவாகவே ஆக்கிவிட்டார்கள். நாம் செய்ய வேண்டாம். வளைவிலும் சுரங்கத்திலும் ஒதுங்க இடமில்லை. தண்டவாளத்திலிருந்து தெரியும் காட்சி வேண்டுமென்றால் ரயிலிலேயே இதல்கஸ்ஹின்ன போய்த் திரும்பலாம். அந்த நிலையத்தில் இரண்டு பக்கமும் பள்ளத்தாக்கு.

கனமழையில் அருவிப் பக்கமோ செங்குத்துச் சரிவுப் பக்கமோ போகாதீர்கள். 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தயில் மண்சரிந்து லயங்களை மூடியது இதே மலைச்சரிவில்தான். மண்சரிவு எச்சரிக்கை வந்தால் அறை முன்பணம் போனாலும் பயணத்தைத் தள்ளிப்போடுவோம்.

புல்வெளியில் அட்டை ஏறும். கால்சட்டையைக் காலுறைக்குள் சொருகி, ஒரு பொட்டலம் உப்பைக் கைவசம் வைத்துக்கொண்டால் சமாளித்துவிடலாம்.