பிழைக்குச் சாட்சி

கோவளக் கரையில் படகின் யந்திரம் பழுதுபட்டு மீண்ட மீனவர் ஒருவர், பழுது பார்ப்பவரிடம், "யந்திரம் நின்றுவிட்டது" என்று மட்டும் கூறுவாராயின், அவர் உடனே பல வினாக்களை எழுப்புவார். எவ்வளவு நேரம் ஓடிற்று? எவ்வகை ஓசை எழுந்தது? புகை கண்டதா? இவற்றிற்கு விடை கிடையாதாயின், கைதேர்ந்தவரும் இருளில் துழாவுவோரே ஆவர்.

கணிப்பொறியின் மென்பொருளுக்கும் இஃது ஒக்கும். கோவளத்திற்கு அணித்தாகிய சிறுசேரியில் மென்பொருள் இயற்றும் நிலையங்கள் பல உள. அத்தொழில் புரிவோர்க்கும் "நின்றுவிட்டது" என்னும் முறையீடு பயன் தராது. மென்பொருளின் பதிப்பு எது, நினைவகத்தில் எஞ்சிய இடம் எவ்வளவு, நின்ற கணத்தில் நடைபெற்ற கட்டளை யாது என்பன தெரிதல் வேண்டும். பயன்படுத்துவோர் இவற்றை அறியார், அறிந்தாலும் மறப்பர். ஆதலின், பிழை நேர்ந்த அக்கணமே இவ்விவரங்கள் தாமே திரட்டப்படுமாறு அமைப்பது வழக்கமாயிற்று. உபுண்டு என்னும் இயங்குதளத்தில் 'அப்போர்ட்' என்பது 2006ஆம் ஆண்டு முதல் இப்பணியைச் செய்து வருகின்றது.

யந்திரம் மீண்டு வாராதாயின், இவ்வாறு திரட்டியதே நமக்குள்ள சாட்சி. 2019ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், சந்திரயான்-2 கொண்டு சென்ற விக்ரம் என்னும் கலம் சந்திரனில் மோதிச் சிதைந்தது. அதனை எடுத்து வந்து சோதித்தல் இயலாது. ஆயினும், இறங்குகையில் அது தானே அனுப்பிய அளவுகள் பூமியில் இருந்தன. தோல்வியின் காரணங்களை இஸ்ரோவின் அந்நாளைய தலைவர் சோமநாத் 2023இல் விளக்கினார். ஐந்து பொறிகளும் எதிர்பார்த்ததினும் மிகுதியாக உந்தின. அதனால் பிழைகள் திரண்டன. கலம் விரைந்து திரும்ப வேண்டியபோது, அத்துணை விரைவை எதிர்பாராத மென்பொருள் வரம்பு கட்டிற்று. குறித்த இடமோ 500 மீட்டர் நீளமும் 500 மீட்டர் அகலமுமே உடையது. இக்குறைகள் களையப்பட்டு, 2023 ஆகஸ்டு 23ஆம் நாள் சந்திரயான்-3 இனிது இறங்கிற்று. அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் மேற்குத் தாம்பரத்தில் பொறியியல் பயின்றவர் என்பது நமக்கு உவகை தருவதாம்.

விண்கலத்திற்கு அந்தரங்கம் இல்லை, மனிதர்க்கோ உண்டு. நின்ற கணத்து நினைவகத்தை அப்படியே படியெடுத்தால், அதில் ஒருவருடைய கடவுச்சொல்லும் பாதி எழுதிய மடலும் அகப்படலாம். ஆகவே, திரட்டியதை உரியவர்க்குக் காட்டி, அவர் இசைந்த பின்னரே அனுப்புதல் முறை. வேண்டாதவற்றைத் திரட்டாமையும் அம்முறையின் பாற்பட்டதே.

மற்றொன்றும் உண்டு. யாது நிகழ்ந்தது என்பதை யந்திரம் சொல்லும். யாது செய்யக் கருதினோம் என்பதை நாமே சொல்ல வேண்டும். ஆதலின் மாணவ நண்பர்காள், பிழையறிக்கை அனுப்புங்கால், யந்திரம் திரட்டிய விவரத்தோடு நும் சொல்லாலும் இரண்டு வரி எழுதுமின். நாளை நீவிர் மென்பொருள் இயற்றுவீராயின், பிறர் அந்தரங்கத்தை நும்முடையதுபோற் காமின்.