எரிபொருள் அமுக்கம் குறைந்தால்: பார லொறி எஞ்சின் பற்றிய ஒரு பாடம்

தமிழாசிரியர் ஒருவர் விழா மலரிலே எஞ்சினைப் பற்றி எழுதுவதேன் என்று அன்பர் சிலர் வினவக்கூடும். எமது பழைய மாணவருட் பலர் லொறி உரிமையாளராயும் சாரதிகளாயும் திருத்துநராயும் வாழ்கின்றனர். அவர்தம் தொழிலைப் பற்றித் தெளிந்த தமிழிலே ஒரு பாடம் வரைதல் எம் கடமையெனக் கருதினோம். விளைவைக் கண்டு காரணத்தைத் தேடும் பயிற்சி வகுப்பறைக்கும் வேலைத்தலத்துக்கும் பொதுவானதே.

முதலில் எஞ்சினின் இயல்பை நோக்குவோம். றுடோல்வ் டீசல் என்பார் 1893ஆம் ஆண்டிலே காப்புரிமை பெற்ற எஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டுவதில்லை. உருளையினுள்ளே வளி நெருக்குண்டு சூடேற, அச்சூட்டினால் எரிபொருள் தானே பற்றிக்கொள்ளும். எரிபொருள் நுண்டுளிகளாகச் சிதறினாலன்றி முற்றாக எரியாது. அங்ஙனம் சிதறுதற்குப் பேரமுக்கம் வேண்டும். 1995ஆம் ஆண்டில் யப்பானின் டென்சோ நிறுவனம் ஹினோ லொறியொன்றிலே கொமன் றெயில் முறையைப் புகுத்தியது. இன்றைய பார லொறிகள் பலவற்றில் இருப்பது இம்முறையே. பம்பி அமுக்கிய எரிபொருள் தடித்த குழாயொன்றிலே தங்கி நின்று, அங்கிருந்து ஒவ்வோர் உருளையின் இன்ஜெக்டருக்கும் செல்லும்.

இவ்வமைப்பை மூன்று பகுதிகளாகப் பிரித்துக் காண்க. தாங்கியிலிருந்து ஊட்டும் பம்பி வரையுள்ளது உறிஞ்சும் பகுதி. நீரைப் பிரிக்கும் முதல் வடிகட்டி பெரும்பாலும் இங்கேயே இருக்கும். ஊட்டும் பம்பியிலிருந்து இரண்டாம் வடிகட்டியினூடாகப் பெரும் பம்பி வரையுள்ளது தாழமுக்கப் பகுதி. அதற்கு அப்பாலுள்ளது உயரமுக்கப் பகுதி. தாழமுக்கப் பகுதியின் அமுக்கம் பல எஞ்சின்களில் ஒரு சில பார் அளவினதே. ஒரு பார் என்பது சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 14.5 இறாத்தல். உயரமுக்கப் பகுதியிலோ அமுக்கம் 2000 பாரையும் எட்டும். லொறி ரயரின் காற்றமுக்கம் ஏறத்தாழ 8 பார் என்பதனை நினைத்தால், இதன் கடுமை விளங்கும்.

அமுக்கம் குறைந்தமையை எவ்வாறு அறிவது? வெறும் வண்டி ஒழுங்காக ஓடும்; பாரம் ஏற்றி மேடேறும்போது இழுவை குன்றும். காலையில் எஞ்சின் தொடங்கத் தாமதிக்கும். கணினிக் கருவியைப் பொருத்தினால் றெயில் அமுக்கம் குறைவு என்று காட்டும். இவ்விடத்திலேதான் பலர் இடறுகின்றனர். கருவி சொன்னது நோயின் குறியை மாத்திரமே. அதனையே காரணமென எண்ணிப் பெரும் பம்பியை மாற்றுவோர் உளர். கடன்பட்டு வாங்கிய பம்பியைப் பூட்டிய பின்னரும் பழுது தீராதிருக்க, ஈற்றிலே அடைபட்ட வடிகட்டியே காரணமென அறிந்து வருந்துவர். ஆதலின் தாங்கியிலிருந்து தொடங்கி ஒழுங்காக முன்னேறுதல் வேண்டும்.

முதலாவது, தாங்கியை நோக்குக. எரிபொருள் வெளியேறும் அளவுக்கு வளி உட்செல்ல வேண்டும். அத்துளை அடைபட்டால் தாங்கியினுள் வெற்றிடம் உண்டாகி ஓட்டம் தடைப்படும். மூடியைத் தளர்த்தியவுடன் இழுவை மீளுமாயின், காரணம் அதுவே. இதற்குச் செலவு ஒரு சதமுமில்லை. முதல் வடிகட்டியின் அடியிலுள்ள நீரையும் வடித்துப் பார்க்க. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது பீப்பாய்களிலும் கான்களிலும் டீசலைச் சேமித்தோர் பலர். அவ்வாறு நெடுநாள் வைத்த டீசலிலே நீரும் துருவும் சேர்தல் இயல்பு.

இரண்டாவது, இரண்டாம் வடிகட்டியின் முன்னும் பின்னும் அமுக்கமானியைப் பொருத்துக. முன்னே 6 பாரும் பின்னே 2 பாரும் காட்டுமாயின் வடிகட்டி அடைபட்டதென்பது வெளிப்படை. ஈரிடத்தும் குறைவாயின் குறை அதற்கு முன்னே உள்ளது.

மூன்றாவது, உறிஞ்சும் பகுதியிலே வெற்றிடமானியைப் பொருத்துக. தயாரிப்பாளர் குறித்த எல்லைக்கு மேல் வெற்றிடம் இருப்பின் குழாயோ முதல் வடிகட்டியோ அடைபட்டுள்ளது. வெற்றிடம் மிகையாகாது, ஒளி புகும் குழாயிலே குமிழிகள் ஓடினால் எங்கோ வளி புகுகின்றது. உறிஞ்சும் பகுதியின் அமுக்கம் வெளிவளியின் அமுக்கத்திலும் குறைந்தது. ஆதலால் எஞ்சின் ஓடும்போது அங்குள்ள ஓட்டையினூடாக டீசல் ஒழுகாது, வளியே உட்புகும். நிலம் உலர்ந்திருக்கின்றதெனக் கண்டு ஓட்டையில்லை எனத் துணிதல் தவறு. அடைப்புமில்லை, குமிழியுமில்லை, அமுக்கம் மாத்திரம் குறைவு எனின், ஊட்டும் பம்பி தேய்ந்திருக்கலாம். அன்றி, மேலதிக எரிபொருளைத் திருப்பிவிடும் வால்வு மூடாது நிற்கலாம்.

நான்காவது, தாழமுக்கப் பகுதி செவ்வையாயிருந்தால் மாத்திரமே உயரமுக்கப் பகுதிக்குச் செல்க. இன்ஜெக்டர்களிலிருந்து திரும்பிவரும் எரிபொருளை அளந்தால், ஏனையவற்றிலும் மிகுதியாகக் கசிவது எதுவென்று தெரியும். றெயிலின் பாதுகாப்பு வால்வு கசிகின்றதா எனவும் நோக்குக. உணரியையும் ஐயுறுதல் தகும்: எஞ்சினை நிறுத்தி அமுக்கம் முற்றாகத் தணிந்த பின்னரும் அது உயர்ந்த அமுக்கத்தைக் காட்டுமாயின் அதன் சொல்லை நம்பலாகாது. இவையாவும் குற்றமற்றவை எனக் கண்ட பின்னரே பெரும் பம்பியிற் கைவைத்தல் முறை.

ஓர் எச்சரிக்கையை ஈண்டு வற்புறுத்துகின்றோம். பழைய எஞ்சின்களிலே, ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்தி எவ்வுருளை வேலை செய்யவில்லையென அறிவது வழக்கம். அவ்வழக்கத்தைக் கொமன் றெயில் எஞ்சினிலே கைக்கொள்ளற்க. அங்கே பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உடலினுட் புகும். புண் ஊசி குத்தினாற் போலச் சிறிதாயிருக்கும். நோவும் தொடக்கத்திலே குறைவாயிருக்கலாம். உள்ளே தசை அழிந்து விரலையோ கையையோ இழக்க நேரிடும். அத்தகைய காயம் பட்டவர் வீடு சென்று மருந்து பூசாது, அக்கணமே வைத்தியசாலைக்குச் சென்று நடந்ததைச் சொல்லுதல் வேண்டும். கசிவைக் கையாற் தடவித் தேடாது, மட்டைத் துண்டொன்றைப் பிடித்துத் தேடுக. குழாயைக் கழற்றுமுன் எஞ்சினை நிறுத்தி, தயாரிப்பாளர் குறித்த நேரம் வரை காத்திருக்க. பழைய எஞ்சினிலே கைதேர்ந்த மூத்தோருக்கே இவ்வெச்சரிக்கை பெரிதும் வேண்டியதாகும்.

மாணவர் இப்பாடத்தைக் கொப்பியிலே படமாக வரைந்து, பின்வரும் வினாக்களுக்கு விடை காண்க.

1. ஒரு லொறியிலே இரண்டாம் வடிகட்டியின் முன்னும் பின்னும் 2 பார் உள்ளது. அவ்வடிகட்டியை மாற்றினாற் பயனுண்டா? அடுத்து எதனை அளப்பீர்?

2. உறிஞ்சும் குழாயிலே ஓட்டை. நிலத்திலே ஒரு துளி டீசலுமில்லை. காரணம் கூறுக.

லொறி வைத்திருக்கும் தந்தையோ தமையனோ வீட்டிலிருப்பின், விடைகளை அவர்களிடம் காட்டி உரையாடுக. அவர்தம் அனுபவமும் நும் கல்வியும் ஒன்றையொன்று திருத்திச் சிறப்பனவாகுக.