அடுத்த தட்டு உறையின் பின்பக்கத்தில் இருக்கிறது

ஜாஸ் கேட்கத் தொடங்கியிருக்கும் இளையர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அங்கிள், ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ வாங்கிட்டேன். அடுத்து எது வாங்கலாம்?" தேக்கா அங்காடியில் ஒரு தே தாரிக் ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற சங்கதியா இது? அதனால் எழுதியே கொடுத்துவிடுகிறேன். ஹார்ட் பாப் என்ற ஒரு பிரிவைப் பற்றி மட்டும். 1950களின் நடுவிலிருந்து 60களின் நடு வரை நியூயார்க்கைச் சுற்றி ஒலித்த ஜாஸ் அது. அதற்கு முந்தைய ஜாஸ் பாணியான பீபாப்பின் வேகமும் ப்ளூஸும் கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டும் ஒன்றாய்க் கலந்தது. காலால் தாளம் போடாமல் கேட்க முடியாது. புதிதாக வருகிறவர்களுக்கு ஜாஸில் இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

1. "கட்டாயம் கேட்கவேண்டிய நூறு ஆல்பங்கள்" போன்ற பட்டியல்களை மூடி வையுங்கள். அவற்றைப் போட்டவருக்கு உங்கள் காதைத் தெரியாது. கையில் ஏற்கெனவே இருக்கும் தட்டைத் திருப்பி, உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். யார் எந்த வாத்தியம் என்று ஐந்தாறு பெயர்கள் இருக்கும். கேட்கும்போது உங்களை நிமிர்ந்து உட்கார வைத்தவர் யார்? டிரம்மரா, பியானோக்காரரா? அவர் பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயர் வேறு எந்த உறையில் இருக்கிறதோ அதுதான் உங்கள் அடுத்த தட்டு. என்னிடம் இருக்கும் சூத்திரம் இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் அதற்கான விளக்கவுரை.

2. செய்து பார்ப்போம். 1959இல் வந்த ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வைத் திருப்புங்கள். பாஸ் வாசித்தவர் பால் சேம்பர்ஸ். முன்வரிசையில் நிற்கும் மைல்ஸ் டேவிஸையும் ஜான் கோல்ட்ரேனையும் எல்லாருக்கும் தெரியும். அடியில் நடந்துகொண்டே இருக்கும் அந்த பாஸை யாரும் விசாரிப்பதில்லை. விசாரியுங்கள். கோல்ட்ரேனின் ‘ப்ளூ ட்ரெயின்’ (பதிவு 1957 செப்டம்பர்), சானி க்ளார்க்கின் ‘கூல் ஸ்ட்ரட்டின்’ (1958 ஜனவரி), ஹாங்க் மோப்ளியின் ‘சோல் ஸ்டேஷன்’ (1960 பிப்ரவரி) மூன்றிலும் அவரே பாஸ். ஒரே ஒரு பெயரைப் பின்தொடர்ந்தீர்கள், ஹார்ட் பாப்பின் முதன்மையான மூன்று தட்டுகள் கைக்கு வந்துவிட்டன. சேம்பர்ஸ் 1969இல், 33 வயதில் இறந்துபோனார். அதற்குள் அவர் வாசித்துத் தள்ளிய தட்டுகளைத் தேடி முடிக்கவே உங்களுக்குப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

அதே ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ உறையில் ஆல்டோ சாக்ஸபோன் என்ற இடத்தில் கேனன்பால் ஆடர்லி பெயர் இருக்கும். அவர் பெயரில் 1958இல் வந்த ‘சம்திங் எல்ஸ்’ தட்டில் மைல்ஸ் டேவிஸ் பக்கவாத்தியக்காரராக வந்து வாசிக்கிறார். டிரம்ஸ் ஆர்ட் ப்ளேக்கி. அடுத்த கதவும் அங்கேயே திறந்துவிட்டது.

3. அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பது ‘மோனின்’. ஆர்ட் ப்ளேக்கியும் அவருடைய ஜாஸ் மெசஞ்சர்ஸ் குழுவும் 1958 அக்டோபர் 30 அன்று பதிவு செய்தது. ப்ளேக்கியைத் தவிர மற்ற நால்வரும் பிலடெல்பியாக்காரர்கள்: டிரம்பெட் லீ மோர்கன், டெனர் சாக்ஸபோன் பென்னி கோல்சன், பியானோ பாபி டிம்மன்ஸ், பாஸ் ஜிமி மெரிட். மோர்கனுக்கு அப்போது வயது இருபது.

தலைப்புப் பாட்டு டிம்மன்ஸ் எழுதியது. பியானோ தனியாக ஒரு வரி கேட்கும். குழு முழுவதும் இரண்டே அடியில் "ஆமென்" என்பதுபோல் பதில் சொல்லும். மறுபடி ஒரு வரி, மறுபடி பதில். பஜனையில் முன்னவர் பாட, கூட்டம் திருப்பிச் சொல்லுமே, அந்த ஏற்பாடுதான். அதன்பின் மோர்கன் தனியாவார். அவர் முடிக்கும் இடத்தைக் கவனியுங்கள்: கடைசியாக அவர் விட்டுச்சென்ற துணுக்கைப் பிடித்துக்கொண்டுதான் கோல்சன் தன் வாசிப்பைத் தொடங்குகிறார். ஒருவர் வாசிப்பதை மற்றவர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? முதலில் இந்தத் தட்டுக்கு ஆர்ட் ப்ளேக்கியின் பெயரும் குழுவின் பெயரும்தான் தலைப்பு. பாட்டு ஓடிய ஓட்டத்தில் பாட்டின் பெயரே தட்டுக்கும் நிலைத்துவிட்டது.

4. நம் வீடுகளில் கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. எடுப்பாக ஒரு பல்லவி, அதை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக மனோதர்மம், கடைசியில் பல்லவிக்குத் திரும்புதல் என்ற நடைமுறை நமக்குப் புதிதல்ல. சாக்ஸபோனும் டிரம்ஸும் நான்கு நான்கு பாராக (நான்கு அடிக்கு ஒரு பார்) மாற்றிக்கொள்ளும் இடத்தில், தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் பேசிக்கொள்வதை நினைத்துக்கொள்ளுங்கள். 32 பார் கொண்ட சுற்றை விரலில் எண்ணப் பழகிவிட்டால், வாசிப்பவர் எங்கே இருக்கிறார் என்று தொலைந்துபோக மாட்டீர்கள். ராகத்தை மட்டும் தேடாதீர்கள். இங்கே அடியில் சுரக்கட்டு (கார்ட்) மாறிக்கொண்டே போகும்.

5. மாதத்துக்கு ஒரு தட்டு. போதும்.

6. எந்த நிறுவனம் வெளியிட்டது என்று பார்ப்பது வீண் பெருமை இல்லை, அதற்குக் காரணம் இருக்கிறது. ப்ளூ நோட் நிறுவனத்தை 1939இல் தொடங்கிய ஆல்ஃபிரட் லயன் பெர்லினிலிருந்து வந்தவர். பதிவுக்கு முன் ஒத்திகை பார்க்கவும் கலைஞர்களுக்குக் காசு கொடுத்தவர். அதனால்தான் ப்ளூ நோட் தட்டுகளில் புதுப் பாட்டுகள் அதிகம். சேர்ந்து வாசிக்கும் இடங்கள் பிசிறில்லாமல் இருக்கும். பாப் வைன்ஸ்டாக்கின் பிரஸ்டீஜ் நிறுவனத்தில் ஒத்திகைக்கெல்லாம் இடமில்லை. வந்தோம், வாசித்தோம், போனோம். மைல்ஸ் டேவிஸ் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு கிளம்புவதற்காக 1956இல் இரண்டே நாள் பதிவில் நான்கு தட்டுகளுக்கான சரக்கைக் கொட்டிவிட்டுப் போனது அங்கேதான். அந்த நான்கில் ‘குக்கின்’, ‘ரிலாக்ஸின்’ இரண்டையும் நான் எவருக்கும் தயங்காமல் சொல்வேன். ஆக, பிரஸ்டீஜ் மட்டம் என்று பொருளில்லை. கட்டுக்கோப்பு வேண்டுமானால் ப்ளூ நோட். நண்பர்கள் கூடி அடிக்கும் அரட்டையின் சூடு வேண்டுமானால் பிரஸ்டீஜ். சானி ராலின்ஸின் ‘சாக்ஸபோன் கலோசஸ்’ அந்த இரண்டாவது வகையின் உச்சம். 1956 ஜூன் 22இல் பதிவானது. நான்கு நாள் கழித்து, அவரும் டிரம்மர் மேக்ஸ் ரோச்சும் இருந்த அதே குழுவின் டிரம்பெட் கலைஞர் கிளிஃபர்ட் பிரவுன் கார் விபத்தில் மாண்டார். வயது 25. அதனால் ராலின்ஸ் பிடித்துப்போனவர்களுக்கு அடுத்து பிரவுன், ரோச் இருவர் பெயரிலும் வந்த ‘ஸ்டடி இன் பிரவுன்’. அதில் டெனர் வாசிப்பவர் ஹெரால்ட் லேண்ட். அவர் குழுவைவிட்டு விலகியபின் அந்த நாற்காலிக்கு வந்தவர்தான் ராலின்ஸ்.

இரண்டு நிறுவனங்களுக்கும் ஒலிப்பதிவாளர் ஒருவரே: ரூடி வான் கெல்டர். பகலில் கண் பரிசோதகர். 1959 வரை ஹாக்கன்சாக்கில் தன் பெற்றோர் வீட்டுக் கூடத்தில்தான் இத்தனையையும் பதிவு செய்தார்.

7. உறையின் அழகில் மயங்க வேண்டாம். ப்ளூ நோட் உறைகளை வடிவமைத்த ரீட் மைல்ஸுக்கே ஜாஸில் பெரிய நாட்டம் இருந்ததில்லை; மேற்கத்திய செவ்வியல் இசைதான் அவருக்குப் பிடித்தது. ஒரே விதிவிலக்காக ஹோரஸ் சில்வரின் ‘சாங் ஃபார் மை ஃபாதர்’ உறையைச் சொல்வேன். தொப்பியும் சுருட்டுமாக அதில் உட்கார்ந்திருப்பவர் சில்வரின் தகப்பனார், கேப் வர்ட் தீவிலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்க வந்தவர். கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளான நாம் அந்தப் படத்தைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்ப்பதில் தப்பில்லை. பாட்டும் அதற்குத் தகுந்தது.

8. லீ மோர்கனின் ‘தி சைட்விண்டர்’ 1964இல் வெளிவந்து யாரும் எதிர்பாராத அளவுக்கு விற்றது. அதன் பிறகு வந்த பல ப்ளூ நோட் தட்டுகளில் முதல் பாட்டு அதே ஆட்டத் தாளத்தில் இருப்பதைக் காண்பீர்கள். மறுபடியும் ஒரு வெற்றி கிடைக்காதா என்ற நப்பாசை. மூலத்தை வாங்குங்கள், நகல்களை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். மோர்கன் முதலில் வேண்டுமானால் ‘மோனின்’ இருக்கிறதே.

9. எங்கே வாங்குவது? ஒரு காலத்தில் சிராங்கூன் சாலையிலிருந்து நடக்கும் தொலைவிலேயே சுங்கை ரோடு சந்தை இருந்தது. திருட்டுச் சந்தை என்றும் பெயர். மலாய்க்காரர்கள் ‘ராபின்சன் பெத்தாங்’ என்பார்கள். தார்ப்பாயில் பழைய கைக்கடிகாரம், காமிரா, செருப்பு, நடுவில் ஒரு கட்டு எல்.பி. எண்பது ஆண்டுக்கு மேல் நடந்த சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடப்பட்டது. இனி அந்த விலைக்குக் கிடைக்கும் என்று கனவு காணாதீர்கள்.

இப்போது கோல்மன் ஸ்திரீட்டில் உள்ள அடெல்ஃபி கட்டடத்திலிருந்து தொடங்கலாம். ஒலிச்சாதனக் கடைகளுக்குப் பேர்போன இடம். வாங்காவிட்டாலும் நல்ல ஸ்பீக்கரில் ஒரு ஹார்ட் பாப் தட்டு எப்படி ஒலிக்கும் என்று அங்கே தெரிந்துகொள்ளலாம். இசைத்தட்டுக் கடைகள் வாடகைக்கேற்ப இடம் மாறிக்கொண்டே இருப்பவை. கிளம்பும் முன் இன்னும் அங்கேதான் இருக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள்.

பழைய தட்டு என்றால் உறையிலிருந்து வெளியே எடுத்துப் பார்க்காமல் காசை நீட்டக் கூடாது. கடைக்காரர் முகம் சுளித்தால் அந்தக் கடையே வேண்டாம். விளிம்பையும் நடு லேபிளையும் மட்டும் தொட்டு, குழல்விளக்குக்குக் கீழே சாய்த்துப் பிடியுங்கள். மயிரிழைக் கீறல்கள் பெரும்பாலும் சத்தம் போடா. நகம் இடறுகிற கீறல் சத்தம் போடும். நம் ஊர் ஈரத்தில் வருகிற தொல்லை வேறு: வெண்புள்ளிகளாக, சில சமயம் இலை நரம்புபோல் படரும் பூஞ்சணம். உறைக்குள் மூக்கை வைத்தால் வாடையே காட்டிக்கொடுக்கும். லேசானது கழுவினால் போகும். பள்ளத்தில் வேர்விட்டது போகாது. பிறகு லேபிளுக்கும் கடைசிப் பாட்டுக்கும் நடுவே இருக்கும் வெற்று வளையத்தைப் பாருங்கள். வான் கெல்டரின் பெயரோ அதன் முதலெழுத்துகளோ அங்கே பொறித்திருந்தால், அச்சுக்கான மூலத்தை அவரே வெட்டியிருக்கிறார் என்று பொருள்.

10. அசல் முதல் பதிப்புகளுக்குப் பின்னால் ஓடாதீர்கள். அது முதலீட்டுக்காரர்களின் விளையாட்டு. ப்ளூ நோட்டின் இன்றைய மறுபதிப்புகளில் ‘டோன் போயட்’, ‘கிளாசிக் வைனல்’ என்ற இரு வரிசைகளும் மூல நாடாவிலிருந்து கவனமாகச் செய்யப்பட்டவை. இரண்டாவது மலிவு. பழைய ஜப்பானியப் பதிப்பு சுத்தமாகக் கிடைத்தால் விடாதீர்கள். இந்த இசையை அமெரிக்கர்களைவிடப் பத்திரமாக வைத்திருந்தவர்கள் ஜப்பானியர்கள். சானி க்ளார்க்கை அவருடைய நாடு கவனிக்கவே இல்லை. 1963இல் 31 வயதில் போய்ச் சேர்ந்தார். ஜப்பானில் ‘கூல் ஸ்ட்ரட்டின்’ இன்றும் வீட்டுக்கு வீடு தெரிந்த தட்டு.

11. வெளிநாட்டிலிருந்து தருவித்தால் தபால் செலவோடு பொருள் சேவை வரியையும் கூட்டிப் பாருங்கள். 400 வெள்ளிக்கு உட்பட்ட இணையக் கொள்முதலுக்கும் 2023 ஜனவரியிலிருந்து வரி உண்டு. 2024இலிருந்து அது 9 விழுக்காடு. பல சமயம் உள்ளூர்க் கடை விலையே தேவலாம் என்று தோன்றும்.

12. தட்டிலேயே குடியிருக்காதீர்கள். ஜெரமி மொன்டேரோவின் பியானோவை நேரில் கேளுங்கள். 2002இல் கலாசாரப் பதக்கம் பெற்றவர். சிகாகோவின் ராம்ஸி லூயிஸ் மூவரணியில் பாஸ் வாசித்த எல்டீ யங், டிரம்ஸ் வாசித்த ரெட் ஹோல்ட் இருவரோடும் சேர்ந்து 1988இல் மாண்ட்ரூ விழா மேடை ஏறினார். அந்த மூவரணியின் 1965ஆம் ஆண்டு ‘தி இன் கிரவுட்’ ஹார்ட் பாப்பின் ஒன்றுவிட்ட தம்பி. உள்ளூர்க் கலைஞரின் கையைப் பிடித்துக்கொண்டே சிகாகோ வரை போய்விடலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

நமக்கு இன்னும் நெருக்கமான ஒரு வழியும் உண்டு. சார்லஸ் மிங்கஸின் 1963ஆம் ஆண்டுத் தட்டு ‘தி பிளாக் செய்ன்ட் அண்ட் த சின்னர் லேடி’யில் அழுது உருகும் ஆல்டோ சாக்ஸபோன் சார்லி மரியானோவுடையது. 1960களின் பிற்பகுதியில் அவர் கோலாலம்பூருக்குக் கற்பிக்க வந்தார். அங்கே நாகசுரத்தைக் கேட்டு மயங்கி, பிறகு அதைக் கற்றும் கொண்டார். ‘ஹெலன் ட்வெல்வ் ட்ரீஸ்’ என்ற 1976ஆம் ஆண்டுத் தட்டில் அவர் நாகசுரமும் வாசித்திருக்கிறார். ஹார்ட் பாப் கணக்கில் அது வராது, ஆனாலும் நம் வீட்டில் இருக்க வேண்டிய தட்டு.

13. இவ்வளவும் படித்துவிட்டு, "சரி அங்கிள், ஒரே பெயர் சொல்லுங்க" என்பவர்களுக்கு: ‘சோல் ஸ்டேஷன்’. ஹாங்க் மோப்ளியோடு வின்டன் கெலி, பால் சேம்பர்ஸ், ஆர்ட் ப்ளேக்கி. நாலே பேர், ஆறே பாட்டு. மோப்ளி கத்த மாட்டார், வேகத்தைக் காட்டிப் பயமுறுத்த மாட்டார். அதனாலேயே அவர் உயிரோடு இருந்தவரை கோல்ட்ரேன், ராலின்ஸ் நிழலில் நின்றார். ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’விலும் கெலி ஒரு பாட்டுக்குப் பியானோ வாசித்திருக்கிறார், அதைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டு வந்து இதைப் போடுங்கள். இந்த மாதத்துத் தட்டாக இதையே வாங்குங்கள்.