கத்தரி வைப்பதற்கு முன்

கண்ணு, வேண்டியவர்களுக்கெல்லாம் கையால் போர்வை தைத்துக் கொடுக்கப்போகிறேன் என்றாய். ஊசி பிடிப்பதை யாரிடமும் கற்றுக்கொள்ளலாம். நான் சொல்வது பெரும்பாலும் வேறு.

1. யாருக்கு என்று முடிவாகாமல் துணியைத் தொடாதே. அவர் மின்விசிறிக்கு அடியில் படுப்பவரா, ஏசி அறையிலா, துவைப்பது கையாலா இயந்திரத்திலா என்று விசாரித்துக்கொள். என் நாத்தனார் தன் மாமியாருக்குப் பஞ்சு வைத்துக் கனமாக ஒன்று தைத்தார். அந்த அம்மாவால் அதை உதறி மடிக்கவே முடியவில்லை. வந்தவர்களிடமெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டார். இரவில் போர்த்திக்கொண்டது பழைய வேட்டியைத்தான்.

2. முதல் போர்வைக்கு ஒரே ஒரு நூல் புடவை போதும். ஐந்தரை மீட்டர் என்பது 18 அடி. மூன்றாக மடித்தால் 6 அடி நீளம், ஏறக்குறைய 4 அடி அகலம், மூன்று அடுக்கு. ஒருவருக்குத் தாராளம். நம் ஊர் வெயிலுக்கு உள்ளே பஞ்சு வேண்டாம். இலவம்பஞ்சைக் கிட்டவே சேர்க்காதே. தலையணைக்கு நல்லதுதான், போர்வைக்குள் வைத்தால் மூலையில் போய் உருண்டுகொள்ளும், துவைக்கவும் முடியாது.

3. பழம்புடவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார். கொசுவம் மடித்த இடமும் தரையில் உரசிய கரையும் முதலில் நைந்திருக்கும். இரண்டு கையாலும் இழு. இழை பிரிந்தால் அந்தப் பகுதியை நடு அடுக்குக்கு அனுப்பு. புதுத்துணியைத் துவைக்காமல் வெட்டாதே, நூல் துணி சுருங்கும். சிவப்புச் சுங்குடி மாதிரி ஆழ்ந்த நிறமென்றால் ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பார். கல்லுப்பில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பார்கள், நம்பாதே. துடைத்த துணி வெள்ளையாகவே வரும்வரை அலசிக்கொண்டிரு.

4. இறந்துபோனவரின் புடவை என்றால், அந்த வீட்டில் எல்லாரையும் கேட்ட பிறகு கத்தரியை எடு. எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில், அம்மாவின் புடவைகளை மூத்த மகள் நல்ல எண்ணத்தோடுதான் வெட்டினாள். தங்கைகளுக்கு ஆளுக்கொரு போர்வை. ஆனால் கடைக்குட்டிக்கு அந்தப் புடவைகள் அம்மா மடித்து வைத்த மடிப்போடு பீரோவிலேயே இருக்கவேண்டும் என்றிருந்தது. போர்வையை வாங்கி வைத்துக்கொண்டாள். அக்காவோடு பேச்சுக் குறைந்துபோயிற்று. அவரவர் துக்கம் அவரவர் வேகத்தில்தான் ஆறும். அமெரிக்காவின் அலபாமாவில் கீஸ் பெண்ட் என்று கருப்பின மக்கள் வாழும் சிற்றூர் ஒன்று உண்டு. அங்கே மிசௌரி பெட்வே என்ற பெண், 1942-இல், இறந்த கணவர் வயலில் உடுத்திய துணிகளைக் கொண்டு ஒரு போர்வை தைத்தார். மகளும் கூட உதவினாள். அந்தத் துணிகளின் கறையும் வெளுப்பும் இன்றும் அதில் தெரிகின்றன. பின்னாளில் அந்த ஊர்ப் போர்வைகள் பெரிய அருங்காட்சியகங்களின் சுவர்களில் தொங்கின. அவர் அதற்காகத் தைக்கவில்லை, கணவர் நினைவைப் போர்த்திக்கொண்டு படுக்கத் தைத்தார். கணவர் அவருடையவர், துக்கமும் அவருடையது. வெட்ட உரிமை இருந்தது. நீ வெட்டப்போகும் புடவைமேல் உனக்கு அந்த உரிமை உண்டா, பார்த்துக்கொள்.

5. அடுக்குகளைத் தரையில் விரித்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கி நீளத் தையலாகத் தற்காலிகமாக ஓட்டிக்கொள். சுருக்கம் வெளியே போய்விடும். இப்படித்தான் நான் சொல்லித்தருவேன். ஆனால் கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் சித்தி இனப் பெண்கள் தங்கள் ‘கவந்தி’ என்னும் போர்வையை ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிக்கிறார்கள், மூலைகளில் துணியை மடித்துப் பூ வைக்கிறார்கள். எவ்வளவு அழகு! ஆகவே இதுதான் முறை என்று யாராவது அதட்டினால், அது நானாகவே இருந்தாலும், தலையை ஆட்டிவிட்டு உன் கைக்கு வருவதைச் செய்.

6. கல்யாணத்துக்குள் முடியாது என்று தெரிந்தால் முன்னதாகவே சொல்லிவிடு. முதல் ஆடிக்குக் கொடுத்தால் போயிற்று. அவசரத்தில் போட்ட தையல் முதல் துவைப்பில் காட்டிக்கொடுக்கும்.

7. கைக்குழந்தைக்கு என்றால் தரையில் விரிக்கத் தை, போர்த்த அல்ல. ஒரு வயது ஆகும்வரை தூங்கும் குழந்தையின் அருகில் தளர்ந்த போர்வை வேண்டாம் என்றே குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஜரிகை உறுத்தும், பொத்தான் வாய்க்குள் போகும். பழம்புடவையின் வழவழப்பைவிட அந்தப் பிஞ்சு முதுகுக்கு என்ன வேண்டும்?

8. கொடுத்த பிறகு அதைப் பற்றி விசாரிக்காதே. அவர்கள் வீட்டுக்குப் போகும்போது அதன்மேல் நாய் படுத்திருக்கலாம், சோபாவின் கிழிசலை அது மூடிக்கொண்டிருக்கலாம். முகம் சுளிக்காமல் காபியைக் குடி. கிழிந்தால் கொடுத்தனுப்பச் சொல். அதற்காகவே, பயன்படுத்திய ஒவ்வொரு துணியிலும் ஒரு சாண் மிச்சம் பிடித்து, யாருடைய போர்வை, எந்த ஆண்டு என்று சீட்டு எழுதி, பொட்டலம் கட்டி வை. ஒட்டுப்போட அதே நிறத்தைக் கடை கடையாகத் தேடினாலும் கிடைக்காது.