எந்தக் கேள்விக்கு எந்த எலி?

(மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பப் பிரிவு, இரண்டாமாண்டு)



எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். அதனால் சொந்தத்தில் யாருக்கு உடம்புக்கு வந்தாலும் கேள்வி என்னிடம்தான் வரும். போன வருடம் என் அத்தைக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சை நடந்துகொண்டிருந்த ஒரு நாள், "இந்த மருந்தையெல்லாம் முதல்ல எலிக்குக் கொடுத்துப் பார்ப்பாங்களாமே. எலிக்குச் சரியானா எனக்கும் சரியாயிடுமா கண்ணு?" என்று கேட்டார். லேப் படிப்பு படிக்கிற எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதன்பிறகு தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எதிர்ப்பு சக்தி இல்லாத எலி எதற்கு?

மனிதப் புற்றுநோய்ச் செல்லை சாதாரண சுண்டெலிக்குள் ஊசியால் செலுத்தினால், "இது நம்ம வீட்டு ஆள் இல்லை" என்று அதன் உடம்பு அழித்துவிடும். இந்தக் காவல் வேலையைச் செய்வதில் மூன்று பேர் முக்கியம்: டி செல்கள், பி செல்கள், என்.கே. செல்கள். இவர்களில் யார் யார் இல்லை என்பதை வைத்துத்தான் எலிகள் வகைப்படுகின்றன.

1. நியூட் எலி: 1962-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் கவனிக்கப்பட்டது. உடம்பில் முடி இருக்காது. தைமஸ் சுரப்பியும் இல்லை என்பது 1968-ல் தெரியவந்தது. தைமஸ் இல்லாததால் டி செல்கள் முதிர்வதில்லை. 1969-ல் டென்மார்க்கில் மனிதக் குடல் புற்றுக்கட்டியை இதில் வளர்த்துக் காட்டினார்கள். பி செல்லும் என்.கே. செல்லும் இதற்கு உண்டு.

2. ஸ்கிட் எலி: 1983-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் மெல்வின் போஸ்மா குழுவினர் அறிவித்தது. டி, பி இரண்டும் இல்லை, என்.கே. உண்டு. வயதாக ஆக, சில எலிகளில் டி, பி செல்கள் கொஞ்சம் தலைகாட்டும். டி.என்.ஏ. பழுதுபார்ப்பில் குறை இருப்பதால் கதிர்வீச்சைத் தாங்காது.

3. நாட்-ஸ்கிட் எலி: 1995-ல் வந்தது. இதில் என்.கே. செல்களும் பலவீனம். ஆனால் தைமஸில் தானாகவே புற்று வந்து சீக்கிரம் இறந்துவிடும். நீண்ட ஆய்வுக்கு ஆகாது.

4. என்.எஸ்.ஜி. எலி: 2005-ல் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் லெனார்ட் ஷுல்ட்ஸ் குழுவினர் அறிவித்தது. டி, பி, என்.கே. மூன்றுமே இல்லை. ஒன்றரை வருடத்துக்கு மேலும் வாழும். ஆனால் விலை அதிகம். கிருமி அண்டாமல் வளர்க்க வேண்டும்.

அப்படியானால் நான்காவதுதான் சிறந்ததா?

அப்படி இல்லை! நம் பிரிவில் முதலில் சொல்லித்தருவது என்ன? சி.பி.சி.க்கு ஈ.டி.டி.ஏ. ட்யூப், சர்க்கரைக்கு ஃபுளோரைடு ட்யூப். ட்யூப் மாறினால் மெஷின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ரிசல்ட் தப்பாகிவிடும். எலியும் அந்த மாதிரிதான்.

கட்டி வளர்கிறதா, மருந்துக்குச் சுருங்குகிறதா என்று மட்டும் பார்க்க நியூட் எலியே பல சமயம் போதும். முடி இல்லாததால் கட்டியை அளப்பதும் சுலபம். ஆனால் செல் வகையையும் கவனிக்க வேண்டும். எம்.டி.ஏ.-எம்.பி.-231, எம்.சி.எஃப்.-7 என்ற இரண்டு பிரபலமான செல் வகைகளும், நோயாளிப் பெண்களின் நுரையீரலைச் சுற்றித் தேங்கிய நீரிலிருந்து 1970-களில் பிரித்தவை. முன்னதுக்கு ஹார்மோன் தேவையில்லை. பின்னதோ ஈஸ்ட்ரோஜனை நம்பி வளர்வது. அதனால் எலியின் தோலுக்கடியில் ஈஸ்ட்ரோஜன் வில்லை வைப்பார்கள்.

புற்று பரவுவதைப் பார்க்க வேண்டுமென்றால் கதையே வேறு. ரத்தத்தில் கிளம்பும் புற்றுச் செல்களைப் பிடித்து அழிப்பதில் என்.கே. செல்கள் கெட்டி. எனவே நியூட் எலியில் பரவல் குறைவாகவும், என்.எஸ்.ஜி.யில் அதிகமாகவும் தெரியும்.

ஊசி போடும் இடமும் முக்கியம். மார்புக் கொழுப்புத் திசுவில் போட்டால் கட்டி வளர்ந்து, அங்கிருந்து தானே கிளம்பிப் பரவும். வால் ரத்தக்குழாயில் போட்டால் நேராக நுரையீரலுக்குப் போய்விடும். அதாவது, கட்டியை விட்டுக் கிளம்பும் முதல் படிகளை நாமே தாண்டவைத்து விடுகிறோம். எலும்புக்குப் பரவுவதைப் பார்க்க இதயத்தின் இடது அறையில் போடுவார்கள்.

ஒரு எச்சரிக்கை: எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் மருந்தை, அந்தச் சக்தியே இல்லாத எலியில் எப்படிச் சோதிப்பது? அதற்கு 4டி1 என்ற எலியின் சொந்த மார்பகப் புற்றுச் செல்லை, எதிர்ப்பு சக்தி குறையாத பால்ப்-சி எலியில் வளர்க்கிறார்கள். அல்லது மனித ரத்த மூலச் செல்களை என்.எஸ்.ஜி. எலியில் குடியேற்றுகிறார்கள்.

அத்தைக்கு நான் சொன்ன பதில்

"எலிக்கு ஆனதெல்லாம் மனுஷனுக்கு ஆகாது அத்தை. எலி பாதிதான் சொல்லும். மீதியை மனுஷங்ககிட்டயே படிப்படியா பார்த்துட்டுத்தான் உங்களுக்குத் தர்றாங்க" என்றேன். அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ அந்த எலிக்கும் ஒரு கும்பிடு போடணும்" என்றார்.

நண்பர்களே, நாளைக்கு நம்மில் யாராவது ஒருவர் அப்படிப்பட்ட ஆய்வகத்தில் கூண்டு முன்னால் நிற்கலாம். எலியைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் அதன் உயிரும் வீண், காத்திருக்கும் நோயாளியின் நாட்களும் வீண். ஆகவே, முதலில் கேள்வி, அப்புறம்தான் எலி!