மண்ணில் மறைந்த துணை

வேப்பூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் வழியில் மானாவாரி நிலங்கள் பலவற்றைக் காணலாம். இங்கு வானத்தை நம்பி விதைக்கும் உழவர்க்கு, பயிர் பூக்கும் காலத்தில் மழை பத்து நாள் பிந்தினும் நெஞ்சம் பதைக்கும். ஒரே நாளில் விதைத்த இரு வயல்களுள் ஒன்று வாடித் தலைசாய, மற்றொன்று பசுமை குன்றாது நிற்றலும் உண்டு. நிலத்தின் ஆழம், உழவு, எரு எனக் காரணங்கள் பலவாம். அவற்றுள் கண்ணுக்குப் புலனாகாத ஒன்றை இங்கே காண்போம்.

விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கே சூளையில் வெந்த மண் கோப்பையாகவும் பொம்மையாகவும் அழகுபெறுகிறது. ஆயின் அதில் உயிர் இல்லை. வயல் மண்ணோ எண்ணற்ற சிற்றுயிர்களின் உறைவிடம். அவற்றுள் பயிரோடு நட்புப் பூண்டு வாழ்வது வேர் உட்பூசணம்.

பூசணம் என்றவுடன் நோயையே நினைத்தல் கூடாது. கெடுக்கும் பூசணமும் உண்டு; காக்கும் பூசணமும் உண்டு. வனமரங்களின் வேரும் பூசணமும் பின்னிக் கிடத்தலை ஆராய்ந்த பிராங்க் என்னும் செருமானிய அறிஞர், 1885-ஆம் ஆண்டில் அவ்விணைப்பிற்குக் 'காளான்வேர்' எனப் பொருள்படும் பெயரிட்டார். பயிர்களில் வாழும் வகை வேரின் உயிரணுக்களுக்குள் புகுந்து சிறு மரம்போல் கிளைக்கும். ஸ்காத்லாந்து நாட்டின் ரைனி என்னுமிடத்தில் கிடைத்த, ஏறத்தாழ 40 கோடி ஆண்டு பழமையுடைய செடிப் புதைபடிவங்களிலும் இத்தகைய பூசணம் காணப்படுகின்றது. எத்துணைத் தொன்மையான நட்பு!

இந்நட்பின் பயன் யாது? மணிச்சத்து மண்ணில் எளிதில் நகர்வதன்று. செம்மண்ணில் அது இரும்போடு பிணைந்து கிடக்கும். வேரைச் சூழ்ந்த ஓரிரு மில்லிமீட்டர் அளவிலுள்ள சத்துத் தீர்ந்தபின், வேர் பசித்திருக்கும். பூசண இழைகளோ பல சென்டிமீட்டர் தொலைவு பரவி, வேர்த்தூவியும் நுழையவொண்ணா நுண்துளைகளிற் புகுந்து, மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் கொணர்ந்து தரும். செடியும் கைம்மாறு மறவாது. இலைகள் ஆக்கிய உணவில் ஒரு பங்கைப் பூசணத்திற்கு ஈயும்.

இதனை எவ்வாறு அறிந்தனர்? மண்ணைச் சூடேற்றி உயிர்களை அழித்து, இரு தொட்டிகளில் இட்டு, ஒன்றில் மட்டும் பூசணத்தைச் சேர்த்துச் செடி வளர்த்து ஒப்பிடுவது ஆய்வாளர் வழக்கம். இங்கிலாந்தில் பார்பரா மோசே என்னும் அம்மையார், பூசணம் கூடிய ஆப்பிள் செடிகள் செழித்தலை 1957-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார்.

இடுக்கண் வருங்கால் இத்துணையின் அருமை மிகுதியும் விளங்கும். மண் காயுங்கால், இழைகள் நுண்துளைகளில் எஞ்சிய ஈரத்தை எட்ட உதவும். மண்துகள்களைப் பிணைத்து மண் நீரைத் தாங்கவும் செய்யும். உவர்நிலத்தில், செடி உப்பை மிகுதியாக ஏற்காது சாம்பல் சத்தை ஏற்கவும் துணைபுரியும். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை கடலூர்க் கரையோர வயல்களில் உப்புநீரைப் பாய்ச்சியதை நம் மாவட்டத்தார் மறவார். அத்தகைய நிலத்திற்கு இவ்வறிவு பெரிதும் வேண்டப்படுவதாகும்.

எனினும், பூசணம் மழையைப் பெய்விக்காது. முற்றும் வறண்ட நிலத்தில் பயிரைக் காக்கவும் இயலாது. மணிச்சத்து உரத்தை அளவின்றி இட்டால், செடி இத்துணையை நாடாது. அடிக்கடி ஆழ உழுதால் இழைகள் அறுபடும். உயிருள்ள வேரின்றி இப்பூசணம் பெருகாது. ஆதலின் நிலம் நெடுங்காலம் தரிசாகக் கிடப்பின் அது குறையும். கடுகுக் குடும்பத்துச் செடிகள் பெரும்பாலும் இதனோடு கூடுவதில்லை. எங்கள் வட்டாரத்தார் மல்லாட்டை என வழங்கும் நிலக்கடலையும், மக்காச்சோளமும் நன்கு கூடும். நிலக்கடலையின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர் தழைச்சத்து ஈட்ட, பூசணம் மணிச்சத்து ஈட்டும். இருவகைத் துணையும் ஒருங்கே பெற்ற பயிர் அது!

ஆதலின், மண் அறிந்து உரமிடுதலும், பயிர் மாற்றி விதைத்தலும், தொழுவெருவால் மண்ணை வளம்படுத்தலும் உழவர் கடனாம். அடுத்த முறை நிலக்கடலைச் செடியொன்றைப் பிடுங்குங்கால், காய்களை மட்டும் எண்ணாதீர்கள். வேரில் ஒட்டிய மண்ணையும் சற்றே நோக்குங்கள். காணாத கைகள் பலவும் சேர்ந்தே அக்காய்களை நமக்கு ஈந்தன.